ஒரு நாள் தொட வேண்டாமுங்க

வாங்க கண்ணு, உள்ள வாங்க. இருங்க, லைட்டப் போடறன். ரெண்டு ரூமு, சமையக்கட்டு, பின்னால தொவைக்கிற கல்லு. நான் முன்னால போர்ஷன்ல இருக்கறன், இது பின்னால. காத்து நல்லா வருமுங்க. ஊடு பாக்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல சன்னலத்தான் தொறந்து பாப்பாங்க, நீங்க சுவத்தப் பாக்கறீங்க. பாருங்க, நல்லாவே பாருங்க. அதையத்தான் நானும் நாலு மாசமாப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சிட்டு இருக்கறன்.

அங்கங்க வட்டமாத் தெரியுதே, அதெல்லாம் பசைங்க. மொத்தம் பதினொண்ணு. கடிகாரத்துக்கு ஒண்ணு, காலண்டருக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு மூலைக்கு ஒண்ணா நாலு, சாமி படப் பலகைக்கு மூணு, சாவி மாட்டறதுக்கு ஒண்ணு. பதினொண்ணாவது எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரீல. கேட்டிருக்கலாம், கேக்கல. சுரண்டிப் பாத்தனுங்க, பசை வர மாட்டேங்குது, சுண்ணாம்பு வருது, சிமெண்டு வருது.

குடி வந்த அன்னைக்கே நான் என்ன சொன்னன்? சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னன். இது எங்கூட்டுக்காரரு நின்னு கட்டுன ஊடுங்க. சுவத்துல அடிக்கறதும் ஒண்ணு, என்ற நெஞ்சுல அடிக்கறதும் ஒண்ணும்பாரு. அவரு போயி ஒம்பது வருசமாச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆணி கெடையாது. "சரீங்கம்மா, ஆணி அடிக்கலீங்க"ன்னு தலையாட்டுனா. சொன்னபடி அடிக்கல. ஒட்டிப்போட்டா! நீங்களே சொல்லுங்க கண்ணு, கோவம் வருமா வராதா? ஆணின்னா புடுங்கிட்டு ஓட்டைய அடைச்சிரலாம். இத என்ன பண்றது?

முக்குல பேக்கரில வழி கேட்டீங்களா? கேட்டிருப்பீங்க. அவன் சும்மா உட்டிருக்க மாட்டானே. "அந்த ஊட்டு பாத்ரூம்ல ஒரு ஆளு உழுந்து இடுப்பெலும்பு போயிருச்சு, ஓனரம்மா ஒரு கைப்பிடி மாட்டக் கூட உடல"ன்னு சொல்லியிருப்பானே? உங்க மொகத்தப் பாத்தாவே தெரியுது. நாலு மாசமா வர்ற ஆளெல்லாம் அவன்கிட்ட டீயக் குடிச்சிட்டு அப்பிடியே திரும்பிப் போயிர்றாங்க. நீங்களாச்சும் வாசப்படி ஏறி வந்தீங்க. நடந்தது என்னன்னு நான் சொல்றன், கேட்டுப்போட்டுத் தப்பு ஆரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.

அவ பேரு பூங்கொடி. புருசன் பேரு சென்னியப்பன், லேத் பட்டறைல டர்னரு. கொழந்தை குட்டி இல்ல. இவ மோட்டாரு கம்பெனில காயில் சுத்தற வேலை, பதினேழு வருசம் சர்வீசு. அங்க காயிலெல்லாம் ஆடாம இருக்க ஒரு பசை போடுவாங்களாமே, ரெசின்னு. அதுல அவ கைதேர்ந்த ஆளுன்னு கம்பெனில பேரு. அந்தத் தெறமைய என்ற ஊட்டுச் சுவத்துல கொண்டாந்து காட்டறா!

ஒட்டுனா எதுதானுங்க ஒட்டல? சமையக்கட்டு மேடைல கல்லு ஒரு ஓரம் பேந்திருந்துது, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா. பாக்கலாமுன்னன். ரெண்டு நாள் கழிச்சு அவளே ஒட்டிட்டா. கதவுக்கு அடில ரீப்பரு, அந்த மரச்சட்டம், பேந்து உழுந்துது, ஒட்டிட்டா. பைப்புத் திருகு ஒடைஞ்சுது, ஒட்டிட்டா. ஓனருன்னு ஒருத்தி எதுக்கு இருக்கறன்? நான் செய்ய மாட்டேன்னா சொன்னன்? பாக்கலாமுன்னுதானே சொன்னன். ஆறு மாசம் பொறுத்தா ஆகாதா?

என்ற மிக்சி ஜாடிக்குப் பிடி போயிருச்சு ஒருக்கா. "குடுங்கம்மா, நான் பாத்துத் தர்றன்"னு வாங்கிட்டா. என்ன பண்றான்னு பக்கத்துலயே உக்காந்து பாத்தன். உப்புத்தாள எடுத்து அந்த ஜாடிய வறட்டு வறட்டுன்னு தேய்க்கறா. எனக்குப் பதறிப் போச்சு. "ஏம்புள்ள, புது ஜாடிய ஏன் இப்பிடி ராவற?"ன்னு சத்தம் போட்டன். அதுக்கு அவ சொல்றா, "வழவழன்னு இருந்தா புடிக்காதுங்கம்மா. கொஞ்சம் காயம் பண்ணுனாத்தான் புடிச்சு நிக்கும்." அப்பறம் தின்னரு போட்டுத் தொடைச்சு, காய வெச்சு, ரெண்டு டியூப்லயும் சரிக்குச் சரியாப் பிதுக்கி, ஐஸ் குச்சில கொழைச்சு, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவறாட்டம் மெலிசாத் தடவி, டேப்பு போட்டு இறுக்கிக் கட்டுனா. கட்டிப்போட்டு ஜாடியத் தருவான்னு பாத்தா, தர மாட்டேங்கறா. "ஒரு நாள் முச்சூடும் தொடக் கூடாதுங்கம்மா. உங்களுக்குப் பொறுக்காது, என்கிட்டயே இருக்கட்டும்"னு சிரிச்சா. எனக்குப் பொறுக்காதாம்! அன்னைக்கு எனக்குத் தேங்காச் சட்னி இல்லாமயே போச்சு. ஜாடி இன்னும் நல்லாத்தான் ஓடுது, அது வேற விசயம்.

அப்பறம் அவ புருசன் அந்தத் தம்பிக்கு வாதம் அடிச்சிருச்சுங்க. பட்டறைல நின்ன நெலைல இடது பக்கம் கையும் காலும் வராமப் போச்சு. பாவந்தான், இல்லைன்னு சொல்லல. ஆசுபத்திரில இருந்து வந்த அன்னைக்கு நான்தான் ரசஞ்சோறு கொண்டு போய்க் குடுத்தன், அதையெல்லாம் பேக்கரிக்காரன் சொல்ல மாட்டான். ரெண்டு மாசத்துல குச்சி ஊணி நடக்க ஆரம்பிச்சாப்பல. குளிக்கறதுதான் கஷ்டம். பூங்கொடிதான் ஊத்தி உடுவா.

ஒரு நாள் பொழுதோட என்ற வாசல்ல வந்து நிக்கறா. "அம்மா, பாத்ரூம்ல ஒரே ஒரு ஸ்டீல் கைப்பிடி மாட்டிக்கட்டுங்களா? நாலே நாலு ஓட்டை. போறப்ப நான் அடைச்சுக் குடுத்தர்றனுங்க."

பாத்ரூம்ல டைல்ஸ் போட்டு ஒரு வருசங்கூட ஆகலீங்க அப்ப. என்ற பையன் ஓசூர்ல இருந்து லீவு போட்டு வந்து, பக்கத்துலயே நின்னு போட வெச்சது. டிரில்லு போட்டா வெடிச்சிராதா? ஒண்ணு வெடிச்சா அதே கலர்ல இன்னொண்ணு கெடைக்குமா? முடியாதுன்னுட்டன். "பிளாஸ்டிக் சேரு ஒண்ணு போட்டு உக்கார வெச்சு ஊத்து"ன்னன். நல்ல ரோசனைதானுங்க?

"உக்காந்தா எந்திரிக்கறதுக்குப் புடிக்க ஒண்ணு வேணுமில்லீங்கம்மா"ன்னா. அப்பறம் மெதுவாச் சொல்றா, "நான் தண்ணி ஊத்தறப்ப அவரு கண்ண மூடிக்கறாருங்க. பொண்டாட்டி குளிக்க வெக்கறது அவருக்குச் சங்கட்டமா இருக்குது. தனியா ஒரு சொம்பு ஊத்திக் குளிச்சன்னா பாதி சீக்கு போயிருமுங்கறாரு."

நான் என்ன பண்ணட்டும்? ஒருத்தருக்கு ஒரு ஞாயம், இன்னொருத்தருக்கு ஒரு ஞாயமுன்னு வெச்சுக்க முடியுமா? ஆணி இல்லைன்னா இல்லதான்.

"ஒட்டிக்கட்டுங்களா?"ன்னு கேட்டா. ஒட்டறதுக்கு நான் எப்ப வேண்டாமுன்னன்? என்னவோ பண்ணிக்கன்னுட்டன். இத நல்லாக் கேட்டுக்கோங்க கண்ணு, ஒட்டச் சொன்னது நான் இல்ல. அவளாக் கேட்டா, அவளா ஒட்டுனா.

ஒட்டறதுக்குன்னே அந்தத் தம்பிய செஞ்சேரிமலைல அவங்க அக்கா ஊட்டுக்கு ரெண்டு நாள் தாட்டி உட்டா. ரெண்டு நாள் பாத்ரூம்ல ஒரு சொட்டுத் தண்ணி படாமக் காயப் போட்டா. அவ எங்க குளிச்சான்னு கேளுங்க. கம்பெனில! விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு, டைல்ச உப்புத்தாள்ல ராவி, தொடைச்சு, அந்தக் கைப்பிடிய ஒட்டி, குறுக்கயும் நெடுக்கயும் டேப்பு போட்டுக் கட்டிப்போட்டு, வேலைக்குப் போறப்ப என்ற வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போறா. "அம்மா, ஆரும் அதைய ஒரு நாள் தொட வேண்டாமுங்க."

ஆரும்னா? இந்தக் காம்பவுண்டுல அவளும் நானுந்தான் இருக்கறம். அவ வேலைக்குப் போறா. அப்ப ஆரச் சொல்றா?

அதுக்கும் மேல பாருங்க. பதினோரு மணிக்கு நான் இங்க வந்தன். என்கிட்ட இன்னொரு சாவி இருக்குதுங்க, எல்லா ஓனருகிட்டயும் இருக்கறதுதான். மோட்டார் போட்டா பைப்பு ஒழுகுதான்னு பாக்க வந்தன். வந்து பாத்தா பாத்ரூம் கதவுல சீட்டு எழுதி ஒட்டியிருக்கறா. "தொடாதீங்க"ன்னு. என்ற ஊட்டுல, என்ற கதவுல, எனக்கு! அப்பிடியே நெத்தி நரம்பு புடைச்சிருச்சுங்க. எங்கூட்டுக்காரரு கூட என்னைய ஒண்ணத் தொடாதேன்னு சொன்னதில்ல.

உள்ள போனன். டைல்ச எப்பிடிப் பண்ணி வெச்சிருக்கறான்னு பாக்கோணுமில்ல? டேப்புக்கு அடில டைல்ஸ் வெடிச்சிருக்குதா, கீறல் உழுந்திருக்குதான்னு பாத்தன். ஒண்ணும் தெரீல. சும்மா ஒரு கை வெச்சு இழுத்துப் பாத்தன். பலமா எல்லாம் இல்லீங்க. இல்ல, கொஞ்சம் பலமாத்தான். அது நிக்குமான்னு தெரிய வேண்டாமா? நாளைக்கு உழுந்தா ஆரு பதில் சொல்றது? நல்லதுக்குத்தான் இழுத்தன்.

நவுந்துதுங்க. ஒரு நூல் அளவு. இந்தா, இந்த நக அளவு கூட இல்ல. உள்ள பசை ரப்பராட்டம் இழுபட்டுது. உடனே நான் அமுத்தி வெச்சிட்டன். அவ வெச்சதவிட நேரா வெச்சன். டேப்பையும் மறுபடி இழுத்து நீவி உட்டன். ஒண்ணுமே ஆகல.

ஒண்ணுமே ஆகலைங்கறதுக்கு அத்தாட்சி இருக்குது கண்ணு. அடுத்த நாள் பொழுதோட அவ டேப்பப் பிரிச்சுப்போட்டு, ஒரு முழுக் குடம் தண்ணிய அதுல கட்டித் தொங்க உட்டா. என்னையும் கூப்பிட்டுக் காட்டுனா. விடிய விடியத் தொங்குச்சு. காலைல வந்து பாத்தாலும் அசையல. அப்ப என்ன அர்த்தம்? நான் தொட்டதுனால ஒண்ணும் ஆகல, அதுதானே அர்த்தம்? அப்பவே நான் சொல்லியிருந்தா அவ சும்மா பயந்திருப்பா. மறுபடி பிரிச்சு மறுபடி ராவி மறுபடி ரெண்டு நாளு. அதுக்குத்தான் சொல்லல.

அந்தத் தம்பி வந்தாப்பல. மூணு நாள் தனியாக் குளிச்சாப்பல. பாத்ரூமுக்குள்ள பாட்டுச் சத்தம் என்ற போர்ஷன் வரைக்கும் கேக்கும். தாளமும் இல்ல, ராகமும் இல்ல. ஆனா பூங்கொடி இங்க சமையக்கட்டுல நின்னு அதையக் கேட்டுட்டே இருப்பா, அடுப்புல பால் பொங்குறது கூடத் தெரியாம.

நாலாவது நாள் சனிக்கெழமை. எண்ணெய் தேச்சுக் குளிச்சிருக்கறாப்பல. எண்ணெய்க் காலோட நின்னா வழுக்காதா? வழுக்கியிருக்குது. கைப்பிடியப் புடிச்சிருக்கறாப்பல. முழு ஒடம்பும் அதுல வந்திருக்குது. கையோட வந்திருச்சு.

சத்தங் கேட்டு நான்தானுங்க மொதல்ல ஓடுனன். பூங்கொடி கடைக்குப் போயிருந்தா. நான்தான் கதவத் தள்ளித் தொறந்தன், நான்தான் ஆட்டோவுக்குக் கத்துனன். அதையெல்லாம் ஆரும் சொல்ல மாட்டாங்க. அந்தத் தம்பி கீழ கெடக்குது, வலது கைல கைப்பிடிய உடாமப் புடிச்சிட்டே கெடக்குது. வேட்டிய இழுத்து உடச் சொல்லி எனக்குக் கண்ணக் காட்டுனாப்பல. நான் துண்டப் போட்டு மூடுனன்.

இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேசன் பண்ணுனாங்க. வாதம் அடிச்ச ஒடம்பு, இனி எந்திரிச்சு நடக்கறது சந்தேகமுன்னுட்டாங்க.

ஆசுபத்திரில இருந்து துணி எடுக்க வந்தப்ப பூங்கொடி அந்தக் கைப்பிடியக் கைல எடுத்துப் பாத்தா. சன்னலோரமாப் போய், பின் பக்கத்தத் திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பாத்தா. அப்பறம் டைல்ச வெரலால தடவிப் பாத்தா. நான் வாசப்படில நிக்கறன். "காயறதுக்குள்ள நவுந்திருக்குதுங்கம்மா"ன்னா. சொல்லிப்போட்டு என்னையப் பாத்தா. ஒண்ணும் கேக்கலீங்க. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். அவ கேக்கவே இல்லைங்கறப்ப நான் எப்பிடிச் சொல்றது? கைப்பிடியக் கீழ வெச்சுட்டு, "டேப்பு நான் சரியா இறுக்கிக் கட்டலயாட்ட இருக்குதுங்க"ன்னா. அவளேதான் சொன்னா.

அப்பறம் அந்தத் தம்பியோட அக்கா வந்தா செஞ்சேரிமலைல இருந்து. வாய்னா வாய், அப்பிடி ஒரு வாய். இந்த வாசல்ல நின்னுட்டு, வீதியே கேக்கப் பூங்கொடியப் பேசறா. "ஊரான் மோட்டாரெல்லாம் ஒட்டத் தெரிஞ்சவளுக்குக் கட்டுன புருசனுக்கு ஒரு கைப்பிடி ஒட்டத் தெரீலயா? என்ற தம்பியப் படுக்கைல தள்ளிட்டயேடி! இனி அவன நான் பாத்துக்கறன். உன்ற கை அவன் மேல படவே வேண்டாம்." பூங்கொடி தலையக் குனிஞ்சிட்டு நிக்கறா. ஆமாங்கக்கா, ஆமாங்கக்கான்னு அதையே சொல்றா.

நானும் அங்கதான் நின்னன். நான் எதுக்குங்க நடுவுல பேசோணும்? அது அவங்க குடும்ப விசயம். ஓனரு ஓனரா இருக்கோணும்.

தம்பிய அக்காக்காரி கூட்டிட்டுப் போயிட்டா. பூங்கொடி ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை பஸ் ஏறிப் போயிப் பாத்துட்டு வருவா. கட்டில்ல உக்கார உட மாட்டாளாம் நாத்தனாரு, வாசல்ல இருந்தே பாத்துட்டு வரோணும். ரெண்டு மாசம் அப்பிடி. கம்பெனிலயும் பசை போடற எடம் வேண்டாமுன்னு எழுதிக் குடுத்துட்டா. இப்ப அட்டைப் பெட்டி மடிக்கறாளாம். நானா மடிக்கச் சொன்னன்?

காலி பண்ணிட்டுப் போறப்ப என்ன பண்ணுனா தெரியுங்களா? ஒரு நாள் முழுக்கச் சுரண்டுனா இந்தச் சுவத்த. போகல. நாந்தான் போதும் உடுன்னன். சாவிய ரெண்டு கையாலயும் குடுத்துட்டு, "டைல்ஸ்ல உப்புத்தாள் கீறல் அப்பிடியே இருக்குதுங்கம்மா, மன்னிச்சுக்கோங்க"ங்கறா. மன்னிக்கோணுமாமா! புருசனப் பறிகுடுத்தாட்டம் நிக்கறவ, என்ற டைல்சுக்கு மன்னிப்புக் கேக்கறா. எனக்கு வந்துது பாருங்க கோவம்! ரெண்டு திட்டுத் திட்டலாமில்ல? நீ கைப்பிடி மாட்ட உட்டிருந்தா இப்பிடி ஆகுமான்னு ஒரு வார்த்தை கேக்கலாமில்ல? கேட்டா நானும் பதிலுக்கு நாலு கேப்பன், கணக்கு நேராயிரும். ஒண்ணுமே கேக்காமப் போறவள என்ன பண்றது? ஒரு மனுசிக்கு இத்தனை அழுத்தம் ஆகாதுங்க.

என்ன கண்ணு? என்ன கேட்டீங்க? நான் இழுத்தத அவகிட்டச் சொல்லிட்டனான்னா?

ஏனுங்க, இத்தன நேரம் நான் சொன்னதுல உங்களுக்கு அது ஒண்ணுதான் காதுல உழுந்துதா? குடம் தொங்குச்சுன்னு சொன்னனே, அது உழுகலயா? எண்ணெய் தேச்சாப்பலன்னு சொன்னனே? நூல் அளவுங்க, நூல் அளவு! பேக்கரிக்காரனே தேவலாமாட்ட இருக்குது.

சொல்லோணுமுன்னு நெனைக்காம இல்ல. போன வாரம் போன் பண்ணுனன். நாலு மாசத்துல மொத தடவை. எடுத்ததும், "அம்மா, நல்லா இருக்கீங்களா? முட்டி வலி தேவலாங்களா?"ன்னு கேக்கறா. "பூங்கொடி, அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சன். அவ என்ன பண்ணுனா, "அம்மா, ஊட்டுக்கு ஆராச்சும் குடி வந்துட்டாங்களா?"ன்னா. இன்னும் இல்லைன்னன். "வந்தாங்கன்னா ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. மேடைக் கல்லு, பைப்புத் திருகு, கதவு ரீப்பரு, நான் ஒட்டுன எதையும் நம்பிப் புடிக்க வேண்டாமுன்னு. என்ற கை ராசி இல்லாத கையுங்க. இன்னொருத்தருக்கு ஒண்ணு ஆயிரக் கூடாது"ன்னு சொல்றா. சொல்றப்பவே அழுவறா.

நீங்களே சொல்லுங்க, அழுவறவகிட்டப் போயி என்னத்தச் சொல்றது? படீர்னு வெச்சுட்டன் போன.

ஆனா அவ சொல்லச் சொன்னத மறைக்க மாட்டனுங்க, அந்தப் பழக்கம் எனக்குக் கெடையாது. அதனால கேட்டுக்கோங்க கண்ணு. மேடைக் கல்லு, பைப்புத் திருகு, கதவு ரீப்பரு, இதெல்லாம் அந்தப் பூங்கொடி ஒட்டுனது. அவ ஒட்டுன எதையும் நம்பிப் புடிச்சிராதீங்க.